இதயத்தில் பிளாக், ஆனால் அடைப்பு இல்லை

“ஹார்ட்டில் பிளாக் இருக்கும்மா” என்று டியூட்டி டாக்டர் சொன்னதும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, “ஸ்டென்ட் வைக்கணுமா சார்?” அடுத்த ஒரு மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் செய்திதான் போனது. என் கொழுந்தனார் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுக் காய்ச்சிய அடைப்பு நீக்கும் மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். “தினமும் ஒரு ஸ்பூன் குடிங்க அண்ணி, கரைஞ்சிடும்” என்றார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் எனக்கு இருந்த பிளாக் வேறு. அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளவே எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் பிடித்தது. நெஞ்சில் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தைச் சரியான நேரத்தில் துடிக்கவைக்கிற சின்ன மின்கருவி, வைத்து இப்போது மூன்று வருடம் முடியப்போகிறது. இன்னமும் யாராவது வந்து “உனக்கு எத்தனை அடைப்பு?” என்று கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு தையல் மிஷின்தான் எனக்குத் துணை. அப்போது எனக்கு வயது 55. பத்து வருடமாக பிபி மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அந்த வருடம் சித்திரையிலிருந்தே உடம்பு எனக்கு அடங்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். அடிபம்பில் நாலு குடம் அடித்துவிட்டு பத்து நிமிடம் வாசற்படியில் உட்கார்ந்தால்தான் உள்ளே போக முடியும். பக்கத்து வீட்டம்மா பித்தம் என்றார், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வீக்னஸ் என்று இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றி, சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒரு விஷயம் உண்டு. இரண்டு தடவையும் பிபி பார்த்தார்கள். அந்த மிஷினில் மேலே ஒரு எண், நடுவில் ஒரு எண், கீழே மூன்றாவதாக ஒரு எண் வரும். முதல் இரண்டும் ரத்த அழுத்தம், மூன்றாவது நாடித் துடிப்பு. இரண்டாவது தடவை அதில் 38 என்று வந்ததை என் மகள் கண்ணால் பார்த்திருக்கிறாள். “மிஷின் சரியில்லை போல” என்று நினைத்துக்கொண்டாள். அங்கே இருந்தவர்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்க வேண்டும். நன்றாக ஓடியாடிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அதற்குக் கீழே இருக்கலாம். மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கிற ஒருத்திக்கு 38 என்றால் அன்றே இசிஜி எடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது தலைசுற்றல் என்றால் தயவுசெய்து மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம்.

ஆடி பிறந்தது. தள்ளுபடியில் புடவை எடுத்தவர்கள் எல்லாம் ரவிக்கைத் துணியோடு வந்து நிற்கிற நேரம். ஒரு மதியம் மிஷினில் ரவிக்கைக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது தெரியும், அவ்வளவுதான். முழித்தபோது என் தலை மிஷின் பலகையில் கிடந்தது. ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தை ஒட்டித் துணியில் இறங்கி நின்றிருந்தது. ஒரு நூல் அளவு தள்ளியிருந்தால் விரலில் இறங்கியிருக்கும். எதிர் வீட்டுப் பையன் ஆட்டோ பிடித்தான். எங்கள் பக்கத்தில் எது என்றாலும் ஸ்டான்லிதான். என் பாட்டி அதைக் கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. இசிஜி எடுத்ததும் என்னை நடக்கவே விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து நேராக உள்ளே கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஒரு லேடி டாக்டர் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் என் மிஷினை வைத்துப் புரிந்துகொண்டேன். கால் மிஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்ன சக்கரம், இரண்டையும் இணைப்பது ஒரு தோல் வார். வார் சரியாக இருந்தால் மிதிக்கிற வேகத்துக்கு ஊசி ஏறி இறங்கும். வார் நழுவிவிட்டால் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் ஊசி அசையாது. இதயத்திலும் அப்படித்தான், திசை மட்டும் தலைகீழ். மேல் அறையில், வலது பக்கத்தில் ஒரு சிறு முனை இருக்கிறது. அங்கிருந்து மின்துடிப்பு கிளம்பி, நடுவில் ஒரு சந்திப்பில் நொடிப்பொழுது தங்கி, கீழ் அறைகளுக்கு இறங்க வேண்டும். கீழ் அறைகள்தான் உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன. எனக்கு மேலே 80 தடவை துடிப்பு கிளம்பிக்கொண்டிருந்தது, நடுவழியில் ஒன்றுகூட கீழே இறங்கவில்லை. கீழ் அறை பொறுத்துப் பார்த்து, தானாக மெதுவாக 36 தடவை துடித்துக்கொண்டிருந்தது. இதற்குத்தான் முழு ஹார்ட் பிளாக் என்று பெயர்.

மற்ற பிளாக், எல்லோருக்கும் தெரிந்த அந்த அடைப்பு, ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது. அது தண்ணீர்க் குழாய் விவகாரம். அதற்குத்தான் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ். எனக்கு வந்தது கரண்ட் விவகாரம். வீட்டில் குழாயும் ஒயரும் ஒரே சுவரில்தான் போகின்றன, ஆனால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட முடியாது. கொழுந்தனாருக்கு இதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம் என்பதையும் டாக்டர் சொன்னார். அதனால் பேஸ்மேக்கர் வைத்துவிட்டோம், இனி மாரடைப்பு வராது என்று நினைத்துவிடக் கூடாது. என் பிபி மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு எதுவும் நிற்கவில்லை.

முதல் நாளே பேஸ்மேக்கர் பெட்டியை வைத்துவிடவில்லை. “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டார்கள். என் மகள் அட்டையோடு எடுத்து வந்திருந்தாள், அது பெரிய உதவியாக இருந்தது. நான் சாப்பிட்டது அட்டெனலால். பிபிக்குக் கொடுக்கிற அந்த வகை மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும். மாத்திரையாலோ ரத்தத்தில் பொட்டாசியம் கூடியதாலோ துடிப்பு குறைந்திருந்தால், அதைச் சரிசெய்தாலே சில பேருக்குத் துடிப்பு திரும்பிவிடுமாம். அதனால் மாத்திரையை நிறுத்தி, ரத்தப் பரிசோதனை எடுத்து, அதுவரை கழுத்து ரத்தநாளம் வழியாக ஒரு ஒயரை இறக்கி வெளியே ஒரு பெட்டியில் மாட்டினார்கள். அது தற்காலிக பேஸ்மேக்கர். மாட்டிய ஐந்தாவது நிமிடம் என் விரல் நுனியில் சூடு ஏறியதை உணர்ந்தேன். நாலு மாதமாக என் கை சில்லிட்டுக் கிடந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்று நாள் பார்த்தார்கள். பிளாக் விலகவில்லை. நிரந்தரப் பெட்டிதான் என்று முடிவானது.

“எந்தக் கையில் கத்தரி பிடிப்பீங்க?” என்று கேட்டார் டாக்டர். வலது கை என்றேன். அப்படியானால் இடது பக்கம் என்றார். பொதுவாக வேலை செய்கிற கைக்கு எதிர்ப்பக்கம்தான் வைப்பார்களாம். கேத் லேப் என்கிற அறையில் முழு மயக்கம் இல்லாமல், இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டார்கள். முகத்துக்கு மேல் பச்சைத் துணி. ஊசி குத்தும்போது எரிச்சல், பிறகு யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு பாரம். வலி என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே ரத்தநாளத்துக்குள் இரண்டு ஒயர்களை விட்டு, ஒன்றை வலது மேல் அறையிலும் இன்னொன்றை வலது கீழ் அறையிலும் பொருத்தினார்கள். தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி இடம் செய்து பெட்டியை வைத்து மூடினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் நான் முதலில் பார்த்தது தையலைத்தான், தொழில் புத்தி. மேலே ஒரு நூல்கூடத் தெரியவில்லை. புடவை ஓரத்துக்கு நாங்கள் ஹெம்மிங் போடுவது போல உள்ளுக்குள்ளேயே ஓட்டியிருந்தார்கள். தானாகக் கரைகிற நூலாம். முப்பது வருடம் தைத்த கை, அந்தத் தையலை மெல்லத் தடவிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் பயம் பாதி போனது. அது இதயத்தை ஓட்டுவதில்லை. உட்கார்ந்து கவனிக்கிறது. மேல் ஒயர் மேல் அறையின் துடிப்பைக் கேட்கிறது. கேட்டதும் கீழ் அறையில் துடிப்பு வருகிறதா என்று ஒரு கணம் காத்திருக்கிறது. வந்தால் சும்மா இருக்கும். வராவிட்டால் கீழ் ஒயர் வழியாக மிகச் சிறிய ஒரு மின்தட்டல். நமக்கு அது தெரியவே தெரியாது. ஷாக் அடிப்பது வேறு கருவி, ஐசிடி என்று பெயர். ஆபத்தான வேகத் துடிப்பு வரக்கூடியவர்களுக்கு வைப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு “எப்ப ஷாக் அடிக்கும்?” என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய. எனக்கு வைத்தது மேல் கீழ் இரண்டு அறைக்குமான இரட்டை ஒயர் பெட்டி. தேவையைப் பொறுத்து ஒரே ஒயர் வைப்பதும் உண்டு, இதயத் தசை பலவீனமானவர்களுக்கு மூன்று ஒயர் வைப்பதும் உண்டு. டைட்டானியம் உறை, உள்ளே லித்தியம் பாட்டரி. எடை சுமார் 25 கிராம், மூணு பவுன் நகை அளவு.

என் மகள் ஒருநாள் படித்துச் சொன்னாள். உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில், ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்ததாம். பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து அந்தப் பெட்டியை வார்த்திருக்கிறார். அறுவை செய்தவர் ஓகே சென்னிங். முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சன் வாழ்நாளில் மொத்தம் 26 பெட்டிகள் வரை வைத்துக்கொண்டு, அதைச் செய்தவர், வைத்தவர் இருவருக்கும் பின்னால், 2001-இல் 86 வயதில்தான் இறந்தார். அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுள்ள ஆறு வாரம்தான் கஷ்டமான காலம். ஒயரின் நுனி இதயச் சுவரில் பிடித்து ஊன்ற வேண்டும். அதற்குள் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கினாலோ கனம் தூக்கினாலோ ஒயர் நழுவலாம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதில் பெரிய சோதனை குடம்தான். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் ஏற்றியே பழகிய உடம்பு. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. எனக்குச் சொன்னது ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது என்று. அடிபம்பு அடிப்பது, கொடியில் துணி போடுவது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது எல்லாம் அந்த ஆறு வாரம் மகள்தான் செய்தாள். தலை வாருவதும் அவள்தான்.

ஆனால் நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதைச் சொல்லியாக வேண்டும். பயத்தில் இடது கையை அசைக்கவே இல்லை. முந்தானையில் தொட்டில் கட்டி மாட்டியது போல மூன்று வாரம் வைத்திருந்தேன். தோள்மூட்டு இறுகிப்போனது. அதைச் சரிசெய்யப் பிசியோதெரபிக்கு இரண்டு மாதம் நடந்தேன். தோளுக்குக் கீழே கையை நன்றாக அசைக்கலாம், அசைக்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டுங்கள், சாப்பாட்டுத் தட்டைப் பிடியுங்கள், புடவைக் கொசுவத்தை நீங்களே சொருகுங்கள். மேலே தூக்குவது மட்டும்தான் கூடாது.

ரவிக்கை பற்றியும் யாரும் சொல்லித் தருவதில்லை. பெட்டி இருக்கிற இடத்தின் மேலேயே உள்பாடியின் பட்டை வரும், ரவிக்கையின் தோள் தையலும் அங்கேதான் உரசும். புது வடு மேல் அது உரசினால் சிவந்து புண்ணாகும். நான் எனக்கு நாலு ரவிக்கை புதிதாகத் தைத்துக்கொண்டேன். முன்பக்கம் கொக்கி, தோள் அகலமாக, இடது பக்கம் தையல் ஓரம் வெளியே வரும்படி, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். உள்பாடிப் பட்டைக்கு அடியில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்தேன். வடு காயும்வரை நனைக்கக் கூடாது, பவுடர் எண்ணெய் எதுவும் கூடாது. அந்த இடம் சிவந்து வீங்கினால், சூடாக இருந்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கிருமி பெட்டிவரை போய்விட்டால் மொத்தத்தையும் எடுக்க வேண்டி வரும். நிற்காத விக்கல் வந்தாலும் போய்ச் சொல்ல வேண்டும். ஒயரின் தட்டல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத் தசையைத் தொட்டால் அப்படி வருமாம், தண்ணீர் குடித்து ஆற்றுகிற விக்கல் இல்லை அது.

பிறகு வந்தார்கள் பயமுறுத்துகிறவர்கள். மிக்ஸி போடாதே, டிவி ரிமோட்டைத் தொடாதே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாதே, இடி இடித்தால் வெடித்துவிடும். ஒரு மாதம் என் மகள் அம்மியில் அரைத்தாள். செக்கப்புக்குப் போனபோது பெட்டியைச் சோதிக்கிற டெக்னீஷியன் தம்பியிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, டிவி, ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எதனாலும் ஆபத்தில்லை. மோட்டாரை நெஞ்சோடு அணைக்காமல் இருந்தால் போதும். தெருவில் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நடக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், நான் கேஸ் அடுப்போடு இருந்துவிட்டேன். ஆர்க் வெல்டிங் தொழில் செய்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் திரும்ப வேலைக்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது கரண்ட் கசிவு. தொட்டால் சுருக்கென்று அடிக்கிற பழைய மோட்டார், எர்த் இல்லாத பிளக். அந்தக் கசிவு உடம்பில் பாய்ந்தால் பெட்டி அதை இதயத் துடிப்பு என்று நினைத்து, தட்ட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடும். என் தையல் மிஷின் மோட்டார் மழைக்காலத்தில் லேசாக அடிக்கும். அன்று மாலையே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டேன்.

என் தாளில் இல்லாத ஒன்றை அவரே கேட்டார். “காந்தம் ஏதாவது யூஸ் பண்றீங்களாம்மா?” எனக்கு உடம்பு சில்லிட்டது. கீழே சிந்துகிற குண்டூசிகளைப் பொறுக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு கருப்பு வளையக் காந்தத்தை இருபது வருடமாகக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். நெஞ்சுக்கு நேரே. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை எடுத்து மாட்டவில்லை, அவ்வளவே. பலமான காந்தம் பெட்டிக்கு அருகே வந்தால் பெட்டி இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். டாக்டர்களே சில நேரம் வேண்டுமென்று அப்படிச் செய்வதுண்டாம். ஆனால் நாமாக அதைச் செய்யக் கூடாது. ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும் என்றார். இப்போது அந்தக் காந்தம் ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டியிருக்கிறது. குனியாமலேயே ஊசி பொறுக்க முடிகிறது. காந்தப் புடவைப் பின், காந்தம் வைத்து மூடுகிற கைப்பை, ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றுக்கும் அதே ஆறு அங்குலம். ஆடியில் கூழ் ஊற்றும்போது எங்கள் வீட்டு வாசலிலேயே ஆள் உயர ஸ்பீக்கர் நிற்கும். சத்தம் பெட்டியை ஒன்றும் செய்யாது. அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது.

செல்போனும் இதே கணக்குதான். வலது காதில் வைத்துப் பேசுங்கள், இடது பக்கம் வைக்காதீர்கள். ஆண்களுக்குச் சட்டைப் பாக்கெட் வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரவிக்கைக்குள் போன் வைக்கிற பெண்களுக்கு யார் சொல்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு தங்கச்சி இருந்தார். எனக்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி வைத்தவர். விடியற்காலை ஏலத்தில் ஒரு கை கூடையில், ஒரு கை தராசில், போன் எப்போதும் இடது பக்கம் ரவிக்கைக்குள். இன்னொரு செக்கப்பில் பார்த்தபோதும் போன் அங்கேயேதான் இருந்தது. “இன்னா யக்கா பண்றது, கூடையில வெச்சா நனைஞ்சி பூடுது” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் இருக்கிற மெட்டல் டிடெக்டரில் நிற்காமல் இயல்பாக நடந்துபோனால் போதும். கையில் வைத்துத் தடவுகிற கருவியை மட்டும் பெட்டியின் மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லி, பெட்டி வைத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் காட்டுங்கள். பெண்களுக்குத் திரை மறைவில்தான் சோதனை, கையாலேயே பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய துணிக்கடை வாசலில் திருட்டைப் பிடிக்க வைத்திருக்கிற கம்பங்களையும் இப்படியே தாண்டுங்கள், அவற்றின் நடுவில் நின்று பேசாதீர்கள்.

அந்த அட்டை முக்கியம். எந்த நிறுவனம், எந்த மாடல், பெட்டி எண், ஒயர் எண், வைத்த தேதி, எந்த முறையில் ஓடுகிறது, எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னுடையது டிடிடிஆர், அதாவது இரண்டு அறையையும் கேட்டு, இரண்டிலும் தட்டி, நம் அசைவுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டுகிற முறை. நிமிடத்துக்குக் கீழ் வேகம் 60, மேல் வேகம் 130. முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தபோது ஒரு ஸ்கேன் சென்டரில் பேஸ்மேக்கர் என்றதும் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் என் பெட்டியும் ஒயர்களும் எம்ஆர்ஐக்கு ஏற்ற வகை. வைத்து ஆறு வாரம் ஆன பிறகு, ஸ்கேனுக்கு முன் பெட்டியை அதற்கான முறைக்கு மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்ற ஆள் இருந்தால் எடுக்கலாம். பெட்டி வைத்த இடத்திலேயே கேட்டு எடுத்தேன். எக்ஸ்ரே, சிடி ஸ்கேனுக்குத் தடை இல்லை. வேறு ஆபரேஷன், பல் பிடுங்குவது, பிசியோதெரபியில் கரண்ட் வைப்பது, எதுவாக இருந்தாலும் முதலில் பெட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

செக்கப்பில் நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். வலி கிடையாது. எனக்கு ஒரு மாதத்தில் முதல் தடவை, மூன்றாம் மாதம் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. “இப்ப வேகத்தை மாத்துவேம்மா, ஒரு மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். நீங்கள் மூன்று விஷயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பாட்டரி இன்னும் எத்தனை வருடம், ஒயர் சரியாக இருக்கிறதா, நூற்றுக்கு எத்தனை துடிப்பு பெட்டி கொடுக்கிறது. எனக்கு மேல் அறையில் 4, கீழ் அறையில் 99. அதாவது மேலே என் துடிப்பே ஓடுகிறது, கீழே கிட்டத்தட்ட எல்லாமே பெட்டி கொடுப்பது. இதைக் கேட்டு முதலில் கலங்கினேன். இப்போது அந்த எண் தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஆறு மாதச் செக்கப்பை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று அந்த 99 எனக்குச் சொல்கிறது. பாட்டரி திடீரென்று நிற்பதில்லை. தீரப்போகிறது என்று மாதக்கணக்கில் முன்னாலேயே காட்டும், ஆனால் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? மாற்றும்போது பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், ஒயர்கள் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும்.

உடம்பில் தோன்றுவது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே சொல்லுங்கள். டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் எனக்குப் படபடவென்று வரும். கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குழியான இடங்களில் அதிகமாக வரும். வயசுக் கோளாறு என்று விட்டிருப்பேன். சொன்னதும் அந்த டெக்னீஷியன் தம்பி உடனே காரணத்தைப் பிடித்துவிட்டார். நாம் நடந்தால் வேகத்தைக் கூட்ட பெட்டிக்குள் அசைவை உணர்கிற ஒரு சென்சார் இருக்கிறது. ஆட்டோ குலுங்குவதை அது நான் ஓடுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் கூர்மையைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில்வரை ஆட்டோவில் போய் வந்தேன், நெஞ்சு அமைதியாக இருந்தது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை என் கையில் முன்பே இருந்தது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வேண்டும். நெஞ்சில் ஒயரோடு படுத்திருக்கும்போது சான்றிதழுக்கு அலைய வீட்டில் ஆள் இருக்காது. இன்று நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

என் மகளிடம் இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டதும் அழுதாள், ஆனாலும் சொல்ல வேண்டியது. எனக்கு ஒன்று ஆகி எரிப்பதாக இருந்தால், அதற்கு முன்பே பெட்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். சூட்டில் பாட்டரி வெடிக்கும், தகன மேடையில் நிற்கிறவர்களுக்கு அடிபடலாம். பெட்டி இருந்தால் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. தசை ஓய்ந்துவிட்டால் தட்டலுக்கு அது அசையாது.

போன மாதம் அந்தக் காசிமேட்டுத் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். ரவிக்கை அளவு எடுத்தேன். டேப்பை இடது தோளில் வைக்கும்போது என் விரலுக்கு அடியில் அவருடைய பெட்டியின் வளைந்த ஓரம் தட்டுப்பட்டது. என்னுடையதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. முன்கொக்கி, தோள் அகலம், இடது பக்கத் தையல் வெளியே. வலது பக்கம் இடுப்பை ஒட்டி, ரெக்ஸின் லைனிங் வைத்து, மேலே மடிப்பு மூடியோடு ஒரு பாக்கெட். போனை வாங்கி அளந்து பார்த்துத்தான் வெட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டு போனை உள்ளே விட்டு இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தார். “விழல யக்கா” என்றார். இன்னும் மூன்று தைக்கத் துணி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குத் தர வேண்டும்.